பெட்டியைத் திறந்ததும் எதை முதலில் செய்வது? பர்மாத் தமிழ்க் குடும்பங்களின் பழைய டைரி, கடிதம், ஆல்பம்: முழுமையான வழிகாட்டி

தாத்தாவின் ட்ரங்குப் பெட்டி கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் மூன்று காரியம் செய்கிறார்கள். கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்குகிறார்கள். தூசி தட்டி வெயிலில் போடுகிறார்கள். நல்ல டப்பா வாங்கக் கடைக்குப் போகிறார்கள். முதல் இரண்டும் தவறு. மூன்றாவதற்கு அவசரமே இல்லை.

காகிதம் இன்னும் பத்து வருஷம் தாங்கும். அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த எண்பது வயதுக் கண் அதுவரை தாங்குமா என்பது சந்தேகம். யாங்கோனிலும் (பழைய ரங்கூன்) மோல்மேனிலும் பெகுவிலும் பேரப்பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், பர்மிய எழுத்து வாசிக்க வரும்; தாத்தாவின் தமிழ் எழுத்து வராது. அதனால் பெட்டி எந்த நிலையில் இருந்ததோ அப்படியே பதிந்துகொண்டு, படம் எடுத்து, பெரியவர் வாயால் வாசிக்க வைத்துவிட வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1. காலமும் இடமும்

கார்த்திகை முதல் மாசி வரை உகந்த காலம். ரங்கூனில் வைகாசியில் பிடிக்கும் மழை ஐப்பசி தொடக்கத்தில்தான் ஓயும். ஆடி, ஆவணியில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேலேயே நிற்கும். 65 விழுக்காட்டைத் தாண்டிச் சில நாள் கிடந்தாலே காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். மழைக்காலத்தில் பெட்டி கிடைத்தால், உள்ளே நனையாமல் இருக்கும்பட்சத்தில், மூடியபடியே விட்டுவிடுங்கள்.

திஞ்சான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) விடுமுறையில் வீட்டார் எல்லாரும் கூடுகிறார்களே என்று அன்றைக்குப் பெட்டியைத் திறப்பவர்கள் உண்டு. வாசலில் தண்ணீர் வாளி, உள்ளே மை கரையும் கடிதம்! பெரியவர்களிடம் கேள்வி கேட்க அது நல்ல நாள். பெட்டி மட்டும் மூடியிருக்கட்டும்.

மூன்றடிக்கு ஐந்தடி மேசை ஒன்று போதும். அதன்மேல் கஞ்சி போடாத வெள்ளைத் துணியை விரியுங்கள். உடைந்து விழும் காகிதத் துணுக்கு அதில் கண்ணுக்குத் தெரியும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தேநீர்க் கோப்பைக்கு மேசையில் இடமில்லை. வெற்றிலை போடுபவர் எட்டவே உட்காரட்டும்.

2. முன்கூட்டி எடுத்துவைக்க வேண்டியவை

2பி பென்சில் இரண்டு. கோடு போட்ட தடித்த நோட்டு ஒன்று. ஒரு இஞ்ச் அகலத்தில் மிருதுவான பெயிண்ட் பிரஷ் இரண்டு; அதில் ஒன்று பூஞ்சணத்துக்கு மட்டும். 80 கிராம் ஏ4 வெள்ளைத் தாள் ஒரு ரீம். பத்து மீட்டர் பருத்தி நாடா. மழுங்கிய மேசைக்கத்தி. 15 செ.மீ. அளவுகோல். முகக்கவசம். ஈரப்பதம் காட்டும் சிறு டிஜிட்டல் மானி. 12 மெகாபிக்சல் கேமரா உள்ள போன். மின்வெட்டு நேரம் பார்த்து வருவதில்லை என்பதால், முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பவர்பேங்க்.

துணிக் கையுறை வேண்டாம். விரல் நுனியின் உணர்வு போய்விடும், நைந்த காகிதம் கிழியும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த கையே நல்லது. போட்டோக்களை மட்டும் விளிம்பில் பிடியுங்கள், முகப்பில் விரல் பட்டால் தடம் பதியும்.

செலோ டேப், ஸ்டேப்ளர், அந்துருண்டை, லேமினேஷன் நான்கும் கிட்டவே வரக்கூடாது. டேப்பின் பசை சில வருஷத்தில் மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும். லேமினேஷன் இன்னும் மோசம்: சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது, காகிதத்தின் அமிலமும் உள்ளேயே அடைபட்டுவிடும். மூன்று மடிப்பு அட்டை (பழைய பர்மிய அடையாள அட்டை), வெளிநாட்டவர் பதிவு அட்டை போன்றவற்றை மரியாதைக்காக லேமினேட் செய்துவிடுகிறார்கள். அவை நாளைக்கு ஓர் அலுவலகத்தில் காட்ட வேண்டியவையாகவும் இருக்கலாம். அவற்றில் பென்சில் எண்கூட எழுதாதீர்கள், தனி உறையில் போட்டு உறையின்மேல் எழுதுங்கள்.

3. இருந்தபடியே எண்ணிடுதல்

மூடிய பெட்டியை ஒரு படம், திறந்ததும் ஒரு படம், ஒவ்வொரு அடுக்கு எடுக்கும்போதும் ஒரு படம். அதன்பிறகே கை வையுங்கள்.

பெட்டியில் இருந்த வரிசையே ஒரு சாட்சி. தேதியில்லாத கடிதம், தேதியுள்ள இரண்டு கடிதங்களுக்கு நடுவில் கிடந்தால் அதன் காலம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். ஒரு தந்தியும் ஒரு கப்பல் சீட்டும் ஒரே நூலில் கட்டியிருந்தால், கட்டியவருக்கு அவை இரண்டும் ஒரே சேதி. தேதிவாரியாகப் பிரித்து அடுக்கிய அன்றைக்கே இதெல்லாம் போய்விடும், திரும்பக் கிடைக்காது. தேதி வரிசை வேண்டுமென்றால் பிறகு கம்ப்யூட்டரில் ஒரு நொடியில் வரும்.

கட்டுக்கு ஓர் எண், கட்டுக்குள் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்: 03-017 என்றால் மூன்றாம் கட்டில் பதினேழாவது. பின்பக்கக் கீழ்மூலையில் பென்சிலால், அழுத்தாமல், சிறிதாக எழுதுங்கள். கடிதமும் அதன் உறையும் ஒரே எண் பெற வேண்டும், பிரியவே கூடாது. தபால் முத்திரையும் முகவரியும் உறையில்தான் இருக்கின்றன. 1970-களுக்குப் பிந்தைய பளபளப்பான கலர் போட்டோக்களின் முதுகில் பென்சில் பதியாது. பேனாவால் அழுத்தினால் முகப்பில் வரி தெரியும். அவற்றைத் தாளில் சுற்றி, தாளின்மேல் எழுதுங்கள்.

இந்தக் கட்டத்தில் பலரும் செய்யும் பெரிய பிழை, ‘முக்கியம்’, ‘குப்பை’ என்று இரண்டாகப் பிரிப்பது. மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம், ஜாதக நோட்டு, கோயில் ரசீது எல்லாம் முதலில் குப்பைப் பக்கம் போய்விடும். உண்மையில் ஒரு மொய் நோட்டில் இருக்கும் அளவுக்கு உறவுக்காரர் பெயரும் ஊரும் எந்த டைரியிலும் இருக்காது. கல்யாணப் பத்திரிகையில் இரண்டு தலைமுறைப் பெயர்கள் அச்சிலேயே கிடைக்கும். எதையும் எறியாதீர்கள்.

4. ஈரமும் பூச்சியும்: உயிர் காக்கும் அளவுக்கு மட்டும்

இந்தக் கட்டத்தில் சுத்தம் என்றால் பரவும் சேதத்தை நிறுத்துவது மட்டுமே. பளிச்சென்று ஆக்க முயன்றால் எழுத்து போய்விடும்.

ஈரமாக இருப்பவற்றை நிழலில், வெள்ளைத் தாளின்மேல் பரப்பி, விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். அடித் தாளை நாலைந்து மணிக்கொரு தரம் மாற்றுங்கள். நேர்வெயில் கூடாது. மை வெளுக்கும், காகிதம் சுருண்டு உடையும். ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஈரமாக இருக்கும்போது இழுக்காதீர்கள். காய்ந்ததும் பல தானாக விடும்.

பூஞ்சணம் பஞ்சுபோல, தொட்டால் பிசுபிசுப்பாக இருந்தால் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைத் துடைத்தால் இழைக்குள் தேய்ந்து கறையாகும். முதலில் உலர விடுங்கள். பொடியானதும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியே, காற்று உங்களிடமிருந்து போகும் திசையில் பிரஷால் தள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலைக்கு வேண்டாம்.

ராமபாணப் பூச்சியும் கரையானும் தென்பட்டால் அந்தக் கட்டைத் தனியாக, மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். காலிப் பெட்டியை மட்டும் வெயிலில் போடலாம். உறைகுளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வைத்துப் பூச்சியைக் கொல்லும் முறை வெளிநாடுகளில் உண்டு. மின்சாரம் விட்டுவிட்டு வரும் ஊரில் அது பாதியில் உருகி, காகிதம் நனைந்து, முன்னைவிட மோசமாகும்.

துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள். காகிதத்தைத் தட்டையாக வைத்து, ஊசியின் கீழே மேசைக்கத்தியை நுழைத்துச் சற்றே தூக்கி, பிறகு உருவுங்கள். இளகி ஒட்டிய ரப்பர் பேண்ட் வரும் அளவுக்கு வரட்டும், மீதியைச் சுரண்டாதீர்கள்.

எந்தக் கறைக்கும் தண்ணீர் தொடாதீர்கள். ஈரம் பட்டால் ஊதாவாகும் நகல் பென்சில் அந்தக் காலத்தில் சாதாரணம். காய்ந்திருக்கும்போது அது வெறும் சாம்பல் நிறம், ஒரு சொட்டுப் பட்டால் பக்கமே ஊதாவாகிவிடும்.

5. படம் எடுத்தல்

ஏ4 தாளை இஞ்சுக்கு 300 புள்ளி என்று படமாக்கினால் 2480-க்கு 3508, அதாவது சுமார் 8.7 மெகாபிக்சல். 12 மெகாபிக்சல் போன் தாராளம். அழுத்திப் பிடிக்கும் ஸ்கேனரில் டைரியின் தையல் விட்டுவிடும். கட்டிய நோட்டுகளுக்குப் போன்தான் நல்லது. தனிப் போட்டோக்களுக்கு மட்டும் ஸ்கேனர் கிடைத்தால் 600 புள்ளியில் எடுங்கள்.

ஜன்னலோரம், வெயில் நேரே விழாத இடம். பிளாஷ் கூடாது. கருப்புத் துணியின்மேல் தாளை வைத்து, ஓரத்தில் அளவுகோலையும் எண் எழுதிய சீட்டையும் வையுங்கள். போனை இரண்டு புத்தக அடுக்குக்கு நடுவே பலகையில் கிடத்தினால் ஆடாது, ஒவ்வொரு பக்கமும் ஒரே அளவில் வரும்.

உறையின் இரு பக்கம், கடிதத்தின் எல்லாப் பக்கம், வெற்றுப் பக்கமும் சேர்த்து. வான்மடல் என்றால் மடிப்பு ஓரங்களிலும் எழுதியிருப்பார்கள். கடைசி இரண்டு வரியைச் செங்குத்தாக விளிம்பில் இடுக்குவது அந்நாளைய வழக்கம். அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். தபால்தலையைப் பிள்ளைகள் வெட்டி எடுத்திருந்தால் பின்பக்க எழுத்தும் போயிருக்கும். அங்கே ஓட்டை இருப்பதையும் குறியுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைப்பதில் ஒரு சங்கடம். பழைய கம்ப்யூட்டர்களில் தமிழுக்கு ஓர் எழுத்துரு, பர்மியத்துக்கு ஜாஜீ என்ற பழைய எழுத்துரு ஒரு பக்கம், உலகப் பொதுமுறையான யூனிகோடு ஒரு பக்கம். மியான்மார் 2019-இல் யூனிகோடுக்கு மாறியது, ஆனால் பழைய போன்கள் எல்லாம் மாறிவிடவில்லை. ஆகவே கோப்புப் பெயரில் எண்ணும் கோடும் மட்டும் போதும்: 03-017-02. எந்த இயந்திரத்திலும் அது அப்படியே தெரியும். விவரமெல்லாம் நோட்டில் இருக்கட்டும்.

6. ஒட்டுப் புத்தகமும் ஆல்பமும்

பிரிக்காதீர்கள். ஒரு பக்கத்தில் நடிகர் படம், தேர்த்திருவிழா டிக்கெட், பத்திரிகைத் துண்டு என்று ஒட்டியிருந்தால், அந்தச் சேர்க்கைதான் அவர் சொல்ல வந்தது. முதலில் முழுப் பக்கம், பிறகு ஒவ்வொரு பொருளும் தனித்தனி, மடித்து ஒட்டியவற்றை விரித்து இன்னொன்று.

பத்திரிகைத் தாள் அமிலம் மிகுந்தது. எதிர்ப்பக்கத்தில் அதன் உருவமே பழுப்பாகப் பதிந்திருப்பதைப் பார்க்கலாம். துண்டுக்கு இருபுறமும் வெள்ளைத் தாள் இடையில் வையுங்கள். எல்லாப் பக்கத்துக்கும் வைத்தால் முதுகு பிளக்கும், மோசமான இடங்களுக்கு மட்டும் போதும். ரங்கூன் தமிழ்ப் பத்திரிகைத் துண்டு கிடைத்தால் கவனமாக இருங்கள். தொண்டன், ரசிக ரஞ்சனி போன்றவற்றின் இதழ்கள் இன்று எளிதில் கிடைப்பதில்லை.

பசைத் தாளின்மேல் பிளாஸ்டிக் மூடிய ஆல்பம் மட்டும் விதிவிலக்கு. அந்தப் பசை படத்தைத் தின்னும். பல்லிடுக்கில் போடும் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவே நுழைத்து, ரம்பம்போல மெல்ல அசைத்து விடுவியுங்கள். வராத படத்தை வளைத்து இழுக்காமல், சுற்றியுள்ள தாளோடு வெட்டி எடுங்கள். கண்ணாடியில் ஒட்டிய படத்தைக் கண்ணாடியோடு படம் எடுத்துவிட்டு அப்படியே விடுங்கள்.

7. பெரியவரை வாசிக்க வைத்தல்

படம் எடுத்த அன்றே இதைத் தொடங்கலாம். முழுப் பெட்டியும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அசலைக் கையில் கொடுக்காதீர்கள். ஏ3 அளவில் பெரிதாக்கிய அச்சு, அல்லது டேப்லெட் திரை. போனை விமானப் பயன்முறையில் போட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் “எண் 03-017, பக்கம் ஒன்று” என்று நீங்கள் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாற்பது மணி நேர ஒலிப்பதிவில் எந்தக் கடிதம் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

ஒரு தடவைக்கு 30, 40 நிமிஷம் போதும். முதலில் குறுக்கிடாமல் முழுதும் வாசிக்கட்டும். அதன்பிறகு கேளுங்கள்: “ஆத்தா, இந்த ‘சின்னவர்’ யாரு?”, “தாத்தா, இந்த நூத்தைம்பது ரூபா யாருக்குக் கொடுத்தது?” பெயர், வீடு, தொகை மூன்றையும் பற்றிக் கேட்டால் பதில் வரும். “அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லாத்தான் இருந்தது” என்பதோடு முடியும்.

அவர் ஒரு கடிதத்தைப் பார்த்துவிட்டு “இது வேண்டாம்” என்றால், விடுங்கள். வாசிக்க மறுத்தார் என்று குறித்துக்கொண்டு அடுத்ததுக்குப் போங்கள்.

8. எழுத்துக்கு எழுத்து படியெடுத்தல்

இருப்பதை இருப்பதுபோலவே எழுதுங்கள். பிழை திருத்தினால் பேச்சு வழக்கும் ஊர் வழக்கும் போய்விடும், அவை ஆளை அடையாளம் காட்டுபவை. தெரியாத எழுத்துக்குச் சதுர அடைப்பில் கேள்விக்குறி. கிழிந்த இடத்துக்குச் சதுர அடைப்பில் மூன்று புள்ளி. ஊகித்து நிரப்பாதீர்கள்.

பழைய கணக்கெழுத்து பழகியவர்கள் புள்ளி வைக்க மாட்டார்கள், ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு காட்ட மாட்டார்கள். ‘கபபல’ என்றால் கப்பல். ‘வெலை கெடச்சுது’ என்பது வேலை கிடைத்ததா, சாமானுக்கு விலை கிடைத்ததா? முன்பின் வரியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இரண்டு வாசிப்பும் சாத்தியம் என்றால் இரண்டையும் எழுதுங்கள். ணை, லை, ளை, னை ஆகியவற்றில் தும்பிக்கை போட்ட பழைய வடிவமும், ணா, றா, னா-வின் சுழித்த வடிவமும் 1978-இல் தமிழ்நாட்டு அரசு சீர்திருத்தும் வரை பொது வழக்கு. பர்மாவில் படித்த பெரியவர்கள் அதற்குப் பிறகும் அப்படியே எழுதினார்கள் என்பதால், அதை வைத்து மட்டும் காலம் சொல்லக்கூடாது.

படி மூன்று தேவை: உள்ளபடி ஒன்று, இன்றைய எழுத்தில் புள்ளியும் பத்தியும் பிரித்து ஒன்று, பேரப்பிள்ளைகளுக்குப் பர்மியத்தில் ஒன்று. மூன்றும் தனித்தனிக் கோப்பு. கலந்து எழுதினால் எது தாத்தா எழுதியது, எது நீங்கள் சேர்த்தது என்று பத்து வருஷம் கழித்து உங்களுக்கே தெரியாது.

9. தேதி கண்டுபிடித்தல்

அதிகம் பிழை நேர்வது இங்கேதான். ஒரே பெட்டியில் ஆங்கிலத் தேதி, தமிழ் வருஷம், பர்மிய ஆண்டு மூன்றும் இருக்கும்.

தமிழ் எண்கள் எழுத்துப்போலவே தோன்றும்: ௧ (1) க போல, ௨ (2) உ போல, ௭ (7) எ போல, ௮ (8) அ போல. ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௲௯௱௩௰௫ என்றால் 1935. ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௹ ரூபாய், ௸ மேற்படி. தலையில் தனியாக இருக்கும் உ பிள்ளையார் சுழி. அதை இரண்டு என்று தேதியோடு சேர்த்துப் படித்துவிடாதீர்கள்.

தமிழ் வருஷப் பெயர் அறுபதுக்கு ஒருமுறை திரும்பும். பிரபவ என்றால் 1867, 1927, 1987 மூன்றும் ஆகலாம், உள்ளடக்கம்தான் தீர்க்கும். இன்னொரு பொறி: வருஷம் சித்திரையில் பிறக்கிறது. குரோதி 1964 ஏப்ரலில் தொடங்கியது. ‘குரோதி௵ தை௴ ௫௳’ என்றால் 1965 ஜனவரி 18 வாக்கில். பட்டியலைப் பார்த்து 1964 என்று எழுதினால் ஒரு வருஷம் பிசகும்.

பர்மிய ஆண்டுக்கும் அதே கணக்கு. ஏப்ரல் நடுவிலிருந்து டிசம்பர் வரை 638 கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடு வரை 639. பர்மிய 1326 தபோட்வே மாதம் 1965 தொடக்கத்தில் விழும். முத்திரையில் பர்மிய எண் இருந்தால் பூஜ்யம் முழு வட்டம், ஒன்று வாய் திறந்த வட்டம். மை மங்கினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

தேதியே இல்லாவிட்டால் வேறு தடயம் உண்டு. 1937 ஏப்ரல் 1-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் இந்தியத் தபால்தலை, பிரிந்ததும் ‘பர்மா’ என்று மேலச்சிட்ட இந்தியத் தலை, 1938-இலிருந்து பர்மாவின் சொந்தத் தலை. ரங்கூன் 1942 மார்ச் 8-இல் ஜப்பானியர் கைக்குப் போய் 1945 மே மாதம்தான் மீண்டது. இடையில் ஊருக்கு வழக்கமான தபால் கிடையாது. 1943 என்று படித்த கடிதம் ராமநாதபுரத்து முத்திரையோடு இருந்தால் திரும்பப் படியுங்கள், அநேகமாக 3 அல்ல, 8.

பர்மாவில் 1952-இல் ரூபாய் போய்க் கியாட்டும் பியாவும் வந்தன. இந்தியாவில் அணா 1957-இல் போனது. ஊரிலிருந்து வந்த உறையில் ஆறிலக்கப் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிறகு. அச்சிட்ட முகவரியில் ‘தமிழ்நாடு’ என்றிருந்தால் பெரும்பாலும் 1969-க்குப் பிறகு, அதற்கு முன் சென்னை மாநிலம்.

தெருப் பெயரும் உதவும். மொகல் தெரு ஷ்வேபோந்தா ஆனது; டல்ஹௌசி மகாபந்தூலா ஆனது; பிரேசர் அனவ்ரதா; பேர் தெரு பன்சொடான்; ஸ்பார்க்ஸ் தெரு போ ஆங் ஜோ. 1989-இல் ரங்கூன் யாங்கோன் ஆயிற்று, பெகு பாகோ, பாசின் பத்தெய்ன், அக்கியாப் சித்வே, புரோம் பியே, சிரியம் தன்லின். ஆனால் எச்சரிக்கை: கையால் எழுதிய பழைய பெயர் எதையும் நிரூபிக்காது. இன்றும் மொகல் தெரு என்று சொல்பவர் இருக்கிறார். அச்சிட்ட கடிதத் தலைப்பு, ரப்பர் முத்திரை, தபால் முத்திரை ஆகியவற்றில் உள்ள பெயர்தான் சாட்சி.

கண்டுபிடித்த தேதியை அசலில் எழுதாதீர்கள். நோட்டில் எழுதி, எதை வைத்துச் சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

10. பெயர்ப் பதிவேடு

ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: கடிதத்தில் உள்ளபடி பெயர், பர்மியப் பெயர், யாருக்கு என்ன முறை, தமிழ்நாட்டு ஊர், பர்மா ஊர், எந்தெந்த எண்ணில் வருகிறார்.

வீட்டில் ஒரு பெயர், பள்ளியிலும் அட்டையிலும் ஒரு பெயர் என்பது இங்கே சாதாரணம். அதிலும் பர்மியப் பெயரின் முன்னொட்டு வயதோடு மாறும். பதினைந்தில் மாங், முப்பதில் கோ, அறுபதில் ஊ. பெண்களுக்கு மா, பிறகு டோ. ஒரே ஆளை மூன்று பேராக எழுதிவைத்த பதிவேடுகள் ஏராளம். எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு: தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே பெயரில் இரண்டு பேர். பெயருக்குப் பின்னால் 1, 2 என்று எண் போடுங்கள்.

‘அண்ணன்’, ‘சித்தப்பா’ என்று எழுதியிருப்பதால் மட்டும் ரத்த உறவு ஆகாது. கூடக் கப்பலில் வந்தவரும் அண்ணன்தான், பக்கத்து அறைக்காரரும் சித்தப்பாதான். வேறொரு காகிதத்தில் உறுதியாகும் வரை குடும்ப மரத்தில் ஏற்றாதீர்கள்.

11. மறுமுனைக் கடிதங்கள்

உங்கள் பெட்டியில் இருப்பது உங்கள் தாத்தாவுக்கு வந்தவை. அவர் எழுதியவை வேறொருவர் பெட்டியில் இருக்கின்றன. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது நடந்தே இந்தியாவுக்குப் போனவர்களும் 1964-க்குப் பின் கப்பலேறியவர்களும் தங்கள் காகிதங்களை இங்கே விட்டுச்சென்றதுபோல, இங்கிருந்து போன கடிதங்கள் சிவகங்கை, ராமநாதபுரம், தஞ்சாவூர்க் கிராமங்களிலும், தமிழ்நாட்டு ஊர்களின் பர்மா காலனிகளிலும், மணிப்பூர் எல்லையில் மோரேயிலும் கிடக்கலாம்.

அசலைக் கேட்காதீர்கள். கேட்டால் பெட்டி மூடிக்கொள்ளும். அவர்கள் தாத்தா எழுதி உங்களிடம் இருக்கும் கடிதங்களின் படத்தை முதலில் நீங்கள் அனுப்புங்கள். பிறகு, உறையோடு எல்லாப் பக்கமும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

12. நிரந்தர இடம்

டப்பா வாங்க இப்போது போகலாம். அடியில் முக்கோணத்துக்குள் 5 (பாலிபுரொப்பிலீன்) அல்லது 2 என்று இருந்தால் நல்லது. 3 என்றால் பி.வி.சி., வேண்டாம். மூக்கில் ஏறும் பிளாஸ்டிக் வாசனையே அடையாளம். துருவில்லாத ட்ரங்குப் பெட்டியும் சரிதான், உள்ளே கஞ்சி போடாத வேட்டித் துணி விரித்தால். கஞ்சி ராமபாணப் பூச்சிக்கு விருந்து.

கடிதங்களை மடிப்புப் பிரித்து, 20 முதல் 25 தாளுக்கு ஒரு கோப்பாக வெள்ளைத் தாளில் சுற்றி, பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். மடிப்பில் உடையும் கடிதத்தைப் பிரிக்க வேண்டாம். பழுப்பு உறையும் செய்தித்தாளும் சுற்ற ஆகாது.

20 லிட்டர் டப்பாவுக்குச் சுமார் 200 கிராம் சிலிக்கா ஜெல், துணிப்பையில், காகிதத்தில் படாமல். நிறம் மாறும் வகையில் ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். நீல வகையில் உள்ள கோபால்ட் உடம்புக்குக் கெடுதல். நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வரும், ஆறிய பிறகு திரும்ப வைக்கலாம். வேப்பிலை, வசம்பு வைக்கும் வழக்கம் இருந்தால் நன்றாகக் காய்ந்ததைத் துணியில் முடிந்து மூலையில் வையுங்கள். தாளுக்கிடையில் வைத்தால் இலையின் உருவம் கறையாக நிற்கும்.

பூஜை அறையில் வைக்காதீர்கள். விளக்குப் புகையும் எண்ணெயும் குங்குமமும் அங்கே இருக்கின்றன. தகரக் கூரைக்கு நேர்கீழேயும் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். தரையிலிருந்து ஓரடி உயரம், சுவரிலிருந்து நாலு விரல் இடைவெளி. அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. கிண்ணத்தில் கொசு முட்டையிடாமல் வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

13. நகல்களும் யாருக்கு எது என்பதும்

ஆயிரம் பக்கம் சுமார் 4, 5 ஜி.பி. மூன்று நகல் வேண்டும்: வீட்டு ஹார்டு டிஸ்கில் ஒன்று, இன்னொரு டிஸ்கில் ஒன்று, சென்னையிலோ சிங்கப்பூரிலோ உள்ள உறவினரிடம் ஒன்று. பென்டிரைவையும் மெமரி கார்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள். வைபரில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி எழுத்து மங்கும், கோப்பாக அனுப்புங்கள். படியெடுத்த எழுத்தை ஏ4 தாளில் இரண்டு பிரதி அச்சிட்டும் வையுங்கள். மின்சாரம் இல்லாத நாளிலும் அதைப் படிக்கலாம்.

எல்லாவற்றையும் குடும்பக் குழுவில் கொட்டாதீர்கள். அடையாள அட்டை எண், நிலப் பத்திரம், கடன் கணக்கு, இரண்டாம் குடும்பம் பற்றிய கடிதம் போன்றவற்றைத் தனி அடைவில் வைத்து, யார் பார்க்கலாம் என்பதைப் பெரியவரோடு பேசி நோட்டில் எழுதுங்கள். எதையும் அழிக்க வேண்டியதில்லை, காட்டாமல் வைத்தால் போதும்.

ஒவ்வொரு சித்திரையிலும், மழை பிடிக்கும் முன், டப்பாவைத் திறந்து மானியைப் பாருங்கள், சிலிக்காவை வறுத்து வையுங்கள், நாலு மூலையிலும் பூச்சித் தூள் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். அன்றைக்கே இரண்டு ஹார்டு டிஸ்கையும் சொருகி, ஏதாவது பத்துக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒன்று திறக்காவிட்டாலும் புது டிஸ்க் வாங்கும் நேரம் வந்துவிட்டது.